கணக்குப் புலியின் நாலாவது அட்டெம்ப்ட்

எனக்குக் கணக்கு வராது. இதை இவ்வளவு நிம்மதியாக எழுத எனக்குப் பல வருடங்கள் பிடித்திருக்கின்றன. புனேயில் நான் படித்த பொறியியல் கல்லூரியில் இதைச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். மெட்ராஸியாவது, கணக்கு வராமல் இருப்பதாவது என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

எல்லாம் ஒரு சீனியரால் வந்த வினை. நான் சேர்வதற்கு முந்தின வருடம் படிப்பை முடித்துக்கொண்டு போனவர். அவரை நான் பார்த்ததில்லை, கதைதான் கேட்டிருக்கிறேன். அவருடைய கணக்குப் பேப்பரில் மார்க்கைக் குறைக்க இடமே கிடைக்காதாம். பரீட்சை நெருங்கினால் ஹாஸ்டலில் அவர் அறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்குமாம். எல்லாருக்கும் அவர் 'அண்ணா'. அவர் தமிழராம், நானும் தமிழ், அது போதாதா? முதல் வாரமே எனக்குக் கணக்குப் புலி என்று பெயர் விழுந்துவிட்டது.

நான் மறுத்தேனா என்றால் இல்லை. ஆகுர்டியில் வண்டி செய்யும் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவரின் மகள் நான். வகுப்பில் பாதிப் பேருக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ், நல்ல போன், நல்ல ஸ்கூட்டர். எனக்கென்று தானாக வந்த ஒரே பெருமையை வேண்டாம் என்று தள்ள மனசு வரவில்லை. வீட்டிலும் அப்பா அதையேதான் சொல்லுவார். "நம்ம ஆளுகளுக்குக் கணக்கு ரத்தத்துலயே ஓடும், பாத்துக்கோ" என்பார், ஏதோ திருநெல்வேலி ஸ்டேஷனில் கணக்கு தெரிந்தவர்களை மட்டும்தான் ரயிலில் ஏற்றுகிற மாதிரி.

ரத்தத்தில் ஓடியது இரண்டாம் வருடத்தில் நின்றுபோனது. எம்-த்ரீ என்று ஒரு பேப்பர். மூன்றாவது கணக்குப் பேப்பருக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர், அதைச் சொல்லும்போதே சீனியர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். டிசம்பரில் விழுந்தேன். மே மாதம் மறுபடி எழுதி மறுபடி விழுந்தேன். மூன்றாம் வருட டிசம்பரில் மூன்றாம் முறையும் விழுந்தேன். இரண்டாம் வருடப் பேப்பர் பாக்கி இருந்தால் கடைசி வருடத்துக்குள் கால் வைக்க முடியாது என்பது விதி. வரப்போகிற மே மாதம்தான் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வீட்டில் உட்காருவதுகூடப் பெரிதில்லை. ரிசல்ட் என் போனில்தான் வரும், நான்தான் பார்த்துச் சொல்லுவேன். மூன்று முறையும் "எல்லாம் பாஸ்ப்பா" என்று சொல்லியிருந்தேன். இந்த ஊர் வழக்கப்படி அப்பா மூன்று முறையும் ஒரு பெட்டி பேடா வாங்கிக்கொண்டு போய் ஷிப்டில் எல்லாருக்கும் கொடுத்தார்.

இனி என் பங்குக்கு நான் செய்தது. பத்தாவதோடு பாலிடெக்னிக்கில் சேர்ந்து மூன்று வருடம் படித்துவிட்டு, நேராக இரண்டாம் வருடத்தில் வந்து உட்காருகிறவர்கள் எங்கள் கல்லூரியில் உண்டு. அவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் இருந்தாலும் மற்றவர்களுக்கு அவர்கள் வெறும் 'டிப்ளமா'. என்னோடு படித்த ஒரு டிப்ளமா பையன் நான் வரைந்த நாலு டிராயிங் ஷீட்டைக் கேட்டான். எதற்கென்று எனக்குத் தெரியும். கண்ணாடிக்குக் கீழே விளக்கை எரியவிட்டு, மேலே அடுத்தவர் ஷீட்டைப் போட்டு, அதன்மேல் தன் வெள்ளை ஷீட்டை வைத்துக் கோட்டுக்குக் கோடு இழுத்துக்கொள்வார்கள். எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் புண்ணியவான் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. என் ஷீட்டிலேயே மூலையில் இருந்த என் பெயரை ரப்பரால் அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதிச் சாரிடம் கொடுத்துவிட்டான்.

நாலு ஷீட்டையும் நான் முதலிலிருந்து வரைந்தேன். அதோடு விட்டேனா? கேண்டீனில் உட்கார்ந்து ரப்பர் கதையைச் சொல்லித் தீர்ப்பு எழுதினேன். டிப்ளமாக் கூட்டமே இப்படித்தான், கையில் எதையும் கொடுக்கக் கூடாது, உழைக்காது, எம்-த்ரீயில் வரிசையாக ஃபெயில் ஆகிறதே பார்த்தீர்களா என்றேன். எம்-த்ரீயைப் பற்றிப் பேச எனக்கு என்ன வாய்! ஆனால் தோழிகள் தலையாட்டினார்கள். அவர்கள் ஒவ்வொருத்தியிடமும் சொல்ல ஒரு டிப்ளமாக் கதை இருந்தது.

மார்ச்சில், பாக்கிப் பேப்பர்களுக்கு ஃபார்ம் கொடுக்க ஆபீஸ் ஜன்னலில் வரிசை. புனேயில் பெண்கள் வண்டி ஓட்டும்போது வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்க ஸ்கார்ஃபைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். நான் பஸ்ஸில்தான் போனேன், ஆனாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரியாது என்ற தைரியம். நடுவில் அம்மா போன் செய்தாள். "ஏட்டி, எங்க இருக்க?" லைப்ரரியில் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஸ்கார்ஃபுக்குள்ளிருந்து தாராளமாகத் தமிழில் அளந்தேன். வரிசையில் யாருக்குத் தமிழ் தெரியும்?

இரண்டு நாள் கழித்து நிஜமாகவே லைப்ரரியில் இருந்தேன். ஒரு பெண் வந்து பக்கத்து நாற்காலியை இழுத்தாள். இரண்டாம் வருடம், டிப்ளமா, கடைசி பெஞ்சு என்ற அளவுக்கு எனக்குத் தெரிந்த முகம். மேஜைமேல் இருந்த என் ஜர்னலை, அதாவது லேப் ரெக்கார்டு நோட்டை, நான் மெதுவாகப் பைக்குள் தள்ளினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. அவள் உட்கார்ந்து, தன் வீடு கசார்வாடி என்றும் டிசம்பரில் எம்-த்ரீயில் ஃபெயில் என்றும் சொன்னாள். "தீதி, எனக்கு எம்-த்ரீ சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள். மராத்தியில்தான் பேசினோம். தீதி என்றால் அக்கா, மற்றதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வந்துவிட்டது பார், அந்த மெட்ராஸிப் புராணம் கடைசி பெஞ்சு வரைக்கும் போயிருக்கிறது என்று நினைத்தேன். 'நானே மூன்று முறை விழுந்தவள்' என்று சொல்ல வாய் எடுத்தேன். வாயிலிருந்து வந்ததோ "நாளைக்கு நாலு மணிக்கு வா" என்பது. வெட்கம்கெட்ட வாய்.

அதன் பிறகு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு மணிக்கு அவளுக்குச் சொல்ல வேண்டியதை முந்தின ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து நானே முட்டி மோதிப் படிப்பேன். நான் இதுவரை எம்-த்ரீயைப் படித்த விதம் மனப்பாடம். இந்த மாதிரிக் கேள்விக்கு இந்த அட்டவணை, இந்த அட்டவணைக்கு இந்த விடை. அவள் என்னடாவென்றால் ஒவ்வொரு வரிக்கும் "ஹே கஷாசாட்டி?" என்று கேட்டாள். இது எதற்காக? மூன்று வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி அது. எதற்காக என்று எனக்கு எங்கே தெரியும்? "சிலபஸ்ல இருக்கு" என்பேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொள்வாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், முதல் இரண்டு பாடத்தில் இவளுக்கு ஏன் அடிப்படையே இல்லை, வகுப்பில் தூங்கினாளா என்று கேட்டுவிட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். டிப்ளமா மாணவர்களுக்கு அட்மிஷன் முடிந்து அவர்கள் கல்லூரிக்குள் வரும்போது செப்டம்பர் கடைசி ஆகிவிடுமாம். அதற்குள் இரண்டு பாடம் முடிந்திருக்கும். மறுபடி யாரும் நடத்த மாட்டார்கள். டிசம்பரில் பரீட்சை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு வருடமும் அவர்கள் பெட்டி படுக்கையோடு பாதியில் வந்து நுழைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் ஃபெயில் ஆவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அதே வாரம் அந்தப் புகழ்பெற்ற அண்ணா கல்லூரிக்கு வந்தார். ஹிஞ்சேவாடியில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். டிராஃபிக்கில் மாட்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார். நான் முண்டியடித்துக்கொண்டு போய், "அண்ணா, நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டேன். அவர் விழித்தார். பிறகு ஹிந்தியில், தனக்குத் தமிழ் தெரியாது, குண்டூர் பக்கம், தெலுங்கு என்றார். அடக் கடவுளே! ஒரு குண்டூர்க்காரர் வாங்கிய மார்க்கையா நான் மூன்று வருடமாகத் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தேன்? தோழிகளிடம் சொன்னபோது அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாம் சவுத்துதானே என்றார்கள்.

இதை நான் கசார்வாடிப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பற்றி வருமே என்ற பயம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவள் என்னைத் தன் அப்பாவின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பழைய மும்பை ரோடை ஒட்டி, லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு ஷட்டர். இரு சக்கர வண்டிகளுக்கு ஷாக் அப்ஸார்பர் பழுது பார்க்கும் கடை. அங்கே உட்கார்ந்தால் டீயாவது கிடைக்கும் என்றாள். அன்றைக்குப் பாடம், ஸ்பிரிங்கில் தொங்கும் எடையைப் பற்றிய சமன்பாடு. விடை மூன்று விதமாக வரும். ஆடி ஆடி அடங்குவது ஒன்று, ஆடாமல் சட்டென்று அடங்குவது ஒன்று, மந்தமாக ஊர்ந்து வந்து அடங்குவது ஒன்று. நான் அட்டவணையைப் போட்டு மூன்றையும் ஒப்பித்தேன். வழக்கம்போல அவள், "ஹே கஷாசாட்டி?" என்றாள். நான் வழக்கம்போல சிலபஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் நின்ற ஒரு பைக்கின் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஓங்கி அழுத்தி விட்டாள். வண்டியின் முன்பக்கம் மேலே, கீழே, மேலே, கீழே என்று குதித்துக் குதித்து அடங்கியது. எண்ணெய் ஒழுகிப்போன வண்டி என்றாள். பக்கத்து வண்டியை அழுத்தினாள். அது ஒரே முறை எழுந்து அப்படியே நின்றது. நேற்று எண்ணெய் மாற்றியது. மூன்றாவது, யாரோ கெட்டி எண்ணெயை ஊற்றிக் கெடுத்துக் கொண்டுவந்த வண்டி. அழுத்தி விட்டதும் அது எழுந்திருக்கவே மனசில்லாமல் நிதானமாக மேலே வந்தது.

"இந்த மூணுதானே, தீதி?"

அம்மாடி! மூன்று முறை பரீட்சையில் என்னைக் கவிழ்த்த மூன்று வரிகள், கிரீஸ் படிந்த தரையில் வரிசையாக ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்தன. நானும் போய் அழுத்திப் பார்த்தேன். மறுபடி அழுத்தினேன். சின்னக் குழந்தை மாதிரி மூன்று வண்டியையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தேன். அவள் அப்பா ஸ்பேனரை வைத்துவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது. இவ்வளவுதானா நீ, இதற்கா நான் இத்தனை நாள் செத்தேன் என்று அந்தச் சமன்பாட்டைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

பிறகு நடந்ததுதான் இன்னும் ஆச்சரியம். சமன்பாட்டில் எந்த எண் எண்ணெய், எந்த எண் ஸ்பிரிங் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நான் புத்தகத்திலிருந்து கணக்குகளை வாசிக்க வாசிக்க, பேனாவைத் தொடாமலே சொன்னாள். இது எண்ணெய் போதாது, குதிக்கும். இது கெட்டி, ஊரும். நான் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தால் அவள் சொன்னதுதான் விடை. ஐந்தில் ஒன்று தப்பியது. அந்த ஒன்றை எங்கே தவறினோம் என்று தெரியாமல் அவள் விடவில்லை.

உணர்ச்சிவசப்பட்டு, டிப்ளமா படித்தவர்களுக்குக் கையிலேயே அறிவு இருக்கிறது என்று வாயை விட்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. இது டிப்ளமா இல்ல, தீதி. எங்கப்பா கடை." சொல்லிவிட்டு அடுத்த கணக்கை வாசிக்கச் சொன்னாள்.

மே மாதம் பரீட்சை. பாக்கிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே ஹால் என்பது முன்பே தெரியும், அன்றைக்கு என் குட்டு வெளிப்படும் என்பதும் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு கடைசி நிமிஷத்தில் நுழைந்தேன். மேற்பார்வைக்கு நின்ற மேடம் ஸ்கார்ஃபை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். முன் வரிசையில் இருந்த கசார்வாடிப் பெண் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. கையை முன்னே நீட்டி, ஹேண்டிலை அழுத்துவதுபோல ஒரு தரம் அழுத்திக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மனசில் மூன்று வண்டிகளும் ஆடின. கேள்வித்தாளைத் திருப்பினேன். பரீட்சை முடிந்ததும் அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவிட்டேன். அவள் போனையும் எடுக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. பாஸ். அதிகமில்லை, எல்லையைத் தாண்டி மூன்று மார்க். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு குளியலறையில் நின்று அழுதேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது, எங்கள் வீட்டுக் கணக்கில் நான் அதை என்றைக்கோ தாண்டியவள்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. அவள், கையில் ஒரு பெட்டி பேடாவோடு. அப்பா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். எதற்கம்மா பேடா என்று மராத்தியில் கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் எம்-த்ரீ பாஸ், காகா. தீதிதான் சொல்லித் தந்தாங்க" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொல்லல? நம்ம ஆளுகளுக்கு ரத்தத்துலயே..." என்று ஒரு பேடாவைக் கையில் எடுத்தபடி என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பா, நானும் அத இன்னைக்குத்தான் பாஸ் பண்ணேன். நாலாவது தடவ. மூணு தடவ ஃபெயிலு. பொய் சொன்னேன்."

அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். அப்பா கையிலிருந்த பேடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஷிப்டில் கொடுத்த மூன்று பெட்டியும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அப்ப ரெண்டா எடுக்கணும்லா" என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் ரத்தத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

அவளை அனுப்பப் படியிறங்கினேன். பரீட்சை ஹாலில் என்னைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் இருந்தாளே, அதற்கு நன்றி சொன்னேன். அவள் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, "ஹால்லயா? ஃபார்ம் வரிசைலயே தெரியும். உங்களுக்குப் பின்னால ரெண்டு பேர் தள்ளி நான் நின்னேன். முகத்தைத்தான் கட்டியிருந்தீங்க, தீதி. காலேஜ்ல வேற யாரு போன்ல அந்த பாஷை பேசறா?" என்றாள்.

நின்றுவிட்டேன். அப்படியென்றால் மெட்ராஸி என்று என்னிடம் வரவில்லையா? தெரிந்தும் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"டாப்பர்கிட்ட முதல்ல போனேன். ரொம்ப ஈஸின்னு சொல்லிட்டுப் போயிட்டான். மூணாம் வருஷத்துல எம்-த்ரீ ஃபார்மோட நின்னா நீங்க மூணு தடவ விழுந்தவங்க. எங்கெங்க பள்ளம்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

அந்தக் கல்லூரியில் மூன்று வருடம் எல்லாரும் என்னைப் பார்த்தபோது ஒரு குண்டூர்க்காரரைப் பார்த்தார்கள். இவள் ஒருத்தி, முகத்தையே மூடியிருந்த என்னைச் சரியாக என்னையே பார்த்திருக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளைப் பார்த்ததும் நான் முதலில் ஜர்னலைப் பைக்குள் தள்ளியதும் கூடவே ஞாபகம் வந்தது.

இரு என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன். என் மூன்றாம் வருட ஜர்னல்கள், டிராயிங் ஷீட்டுகளைச் சுருட்டி வைத்திருந்த நீளக் குழாய், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். அவளுக்கு அடுத்த வருடம் அதெல்லாம் தேவைப்படும். கையில் கொடுத்தேன்.

அவள் ஜர்னல்களைப் பையில் வைத்தாள். குழாயின் மூடியைத் திறந்து ஒரு ஷீட்டைப் பாதி உருவினாள். மூலையில் என் பெயர் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரப்பர் இருக்கா, தீதி?" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்.

கேண்டீனில் நான் எழுதிய தீர்ப்பு கடைசி பெஞ்சுக்கு என்றைக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு அந்த நாற்காலியை இழுத்திருக்கிறாள். எனக்கு முகம் எரிந்தது. மறுபடி படியேறிப் போய், மேஜையில் கிடந்த ரப்பரையும் எடுத்து வந்து கொடுத்தேன்.